புலிக்காரர் பெயரில் வாணவேடிக்கை வேண்டாம்: திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை, திருவிழாக் குழு உறுப்பினர்களுக்கும்,

கீழத்தெரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பைக் கேட்டேன். வருகிற ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாளன்று இரவு சப்பரம் பெரிய ஏரிக்கரைக்கு வந்ததும், வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் புலி பார்த்து ஓய்வுபெற்று, அக்டோபரில் நம்மைவிட்டுப் போன புலிக்காரர் அண்ணன் நினைவாக மாபெரும் வாணவேடிக்கை நடக்கும் என்றீர்கள். கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு சுதைப் புலிகளோடு நினைவு வளைவு கட்டப்படும் என்றும் சொன்னீர்கள். வளைவைப் பற்றி எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. கட்டுங்கள். புலி பூனையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கொத்தனாரைப் பிடியுங்கள், அது போதும். வாணவேடிக்கையை மட்டும் நிறுத்துங்கள். இந்த ஆண்டும் வேண்டாம், ஏரியில் பறவை கூடு கட்டும் எந்த ஆண்டும் வேண்டாம்.

குழுக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார். ஆண்டுதோறும் வரவு செலவு வாசித்து, பந்தல்காரர், பேண்டுக்காரர் கணக்கெல்லாம் முடிந்து, எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் எழுந்து நிற்பார். "ஏரிக்கரையில் வேட்டு வேண்டாம், குஞ்சு இருக்கிற நேரம்" என்பார். உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது வாக்கியம் பேசிப் பழகாத மனிதர். ஒருமுறை நம் இளைஞர் ஒருவர், "புலியோடு இருந்தவருக்கு வேட்டுக்குப் பயமா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். தீர்மானப் புத்தகத்தில் அவர் சொன்னது ஒரு வரிகூட ஏறவில்லை. இப்போது நான் வந்து சொன்னாலும் அதே செருப்புத் தேடும் நேரம்தான் எனக்கும் கிடைக்கும். ஊர் முழுக்கப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தவிர, குழுவில் பாதிப் பேருக்கு ஆனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். என் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

யாருடைய பெயரில் வெடிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். இளைய தலைமுறைக்கு அவர் ஓய்வுபெற்று வந்த தாத்தா மட்டும்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மிருகக்காட்சிசாலை வண்டலூரில் இல்லை. சென்னை சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவில் இருந்தது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிவைத்து, சில ஆண்டுகளில் அங்கே மாறியது. பட்டணத்து ஜனங்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். அண்ணன் அந்த உயிர் காலேஜில் தினக்கூலியாகச் சேர்ந்து, சாணம் அள்ளுவதில் தொடங்கி, நிரந்தரமாவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பெரும்பூனைப் பிரிவில் கீப்பர் ஆனார். நம் ஊரில் அவர் படித்த படிப்புக்கு அரசு வேலை கிடைத்ததே அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள். என்ன வேலை என்று தெரிந்ததும் அவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

1985-ல் வண்டலூர்ப் பூங்கா திறக்கப்பட்டது. பழைய இடத்தில் கம்பிக் கூண்டும் சிமெண்டுத் தரையும்தான். புது இடத்தில் அகழி வெட்டிய திறந்தவெளி, மரம், புல், மண். அவர் பார்த்துவந்த பெண்புலி ஒன்று சிமெண்டிலேயே பிறந்து வளர்ந்தது. திறந்துவிட்ட கதவின் நிலைப்படியில் நின்று, ஒரு முன்னங்காலை எடுத்துப் புல்லின் மேல் வைத்து, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டதாம். உள்ளே போய்ப் படுத்துவிட்டது. மறுநாளும் அதே கதை. துரத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அது இரவில் படுத்துக் கிடந்த வைக்கோலை அள்ளிக்கொண்டுபோய், அது உள்ளே அடைபட்டிருக்கும் நேரத்தில், நிலைப்படியிலிருந்து ஒரு பாதைபோல வெளியே பரப்பினார். தன் வாடை அடிக்கும் வைக்கோல் மேல்தான் அது முதலில் நடந்தது. பிறகு வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் மண்ணில் புரண்டதைச் சொல்லும்போது, தன் மூத்த மகள் முதல் அடி வைத்ததைச் சொல்லும் அதே முகம் அவருக்கு.

ஒன்று சொல்கிறேன், பிளெக்ஸ் போட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரங்கல் பிளெக்ஸில் சிங்கத்தின் தோளில் அவர் கைபோட்டு நிற்பதாக ஒட்டியிருந்தீர்கள். அவர் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. மிருகம் ஓர் அறையில், கீப்பர் ஓர் அறையில், நடுவில் பூட்டிய கதவு. அதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பது இரண்டாவது பாடம். கோயில் சாவியை அவரிடம் கொடுத்த நாள்முதல் இரவு ஜெபம் முடிந்து கதவைச் சாத்தி, பூட்டை இழுத்து, இரண்டடி போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கேலியும் செய்திருக்கிறீர்கள்.

குடும்பத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க மனைவியும் பிள்ளைகளும் இங்கே, அவர் அங்கே. மிருகத்துக்கு ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் கிடையாது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்றால் பார்வையாளர்களுக்குத்தான், கீப்பருக்கு அன்றும் சாணம் இருக்கும். காணும் பொங்கலன்று வண்டலூரில் கூட்டம் நெரியும், யாருக்கும் விடுப்பு கிடையாது. அதனால் அதை ஒட்டி வரும் நம் திருநாளுக்கு அவர் ஊரில் இருந்ததே இல்லை. கிடைத்த விடுப்பில் கம்பன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார். வந்த கையோடு மனைவியின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விடுவார்.

ஓய்வுபெற்று வந்த சில ஆண்டுகளில் அண்ணி பக்கவாதத்தில் படுத்தார்கள். மகன்கள் வெளியூரில். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே நேரத்துக்குக் கஞ்சி, ஒரே கிண்ணம், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், எவ்வளவு குடித்தார், எவ்வளவு தூங்கினார் என்று நோட்டில் குறிப்பு. பூங்காவில் தினமும் எழுதிய அறிக்கையின் பழக்கம் அது. அத்தனை ஆண்டு படுக்கையில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. பார்க்க வந்த செவிலியரே நம்பவில்லை. "என்னையும் புலி மாதிரி பார்த்துக்கொள்கிறார், என்ன, மாட்டுக்கறிதான் போடுவதில்லை" என்று அண்ணி திக்கித் திக்கிச் சொல்லிச் சிரித்தது என் காதில் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டால் அந்த அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போடும். அதற்காக ஒரு தடவைகூட அவர் குழுவிடம் வந்து வேட்டை நிறுத்தச் சொன்னதில்லை. கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணியின் காதைப் பொத்திக்கொண்டார். பறவைகளுக்காக மட்டும்தான் வந்து கேட்டார். அவற்றின் காதைப் பொத்த ஆளில்லை என்பதால் இருக்கலாம்.

ஊருக்கு அவர் செய்ததில் பாம்புக்கடி விஷயம் எல்லோருக்கும் தெரியும். மந்திரிக்கப் போகாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று அறுவடைக் காலத்தில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். மற்றொன்றைப் பலர் மறந்துவிட்டீர்கள். 2013-ல் டெல்டா முழுக்கக் கோமாரி வந்து மாடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. மிருகக்காட்சிசாலை வாசலில் கால் நனைத்துவிட்டு உள்ளே போகத் தொட்டி இருக்கும். அதையே நம் தெருமுனையில் செய்தார். சாக்குகளைச் சலவை சோடாக் கரைசலில் ஊறவைத்து வழியில் விரித்தார். மிதிக்காமல் யாரையும் விடவில்லை. கீழத்தெருவில் மட்டும் வைத்திருக்கலாம். அம்மன் கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் அவரே வாளி தூக்கிக்கொண்டு போனார். எந்த வீட்டில் மாடு சோர்ந்தாலும் முதலில் சாணத்தைத்தான் பார்ப்பார். வாய் பேசாத ஜீவனுக்குச் சாணமே சாட்சி என்பார். அவர் கல்லறைக்குப் போன அன்று அம்மன் கோயில் பூசாரி பெட்டியின் ஒரு முனையைச் சுமந்தார். மழையில் பாதை முழுக்கச் சேறு. தோள் மாற்றிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை.

2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது நினைவிருக்கும். 3-ஆம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண்சிங்கம் செத்தது. 16-ஆம் தேதி பத்மநாதன் என்ற ஆண்சிங்கம். ஊரடங்கில் கோயில் மூடியிருந்தது. சாவி அவரிடம்தான் இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை. விதி விதிதான் அவருக்கு. வெளியே மாதா கெபிக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு ஜெபமாலை முழுக்கச் சொன்னார். சிங்கத்துக்கு ஜெபமாலையா என்று நான் கேட்டேன். "சிங்கத்துக்கும் சேர்த்துத்தான். உள்ளே போய்ச் சாப்பாடு வைக்கிற பையன்களுக்கு யார் சொல்வது?" என்றார்.

இனி ஏரிக்கு வருகிறேன். வெடி வைக்கப்போவது அங்கேதானே.

2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது. அன்று மாலையே அவர் வீடு வீடாகப் போய் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவைக்காதீர்கள், அவிழ்த்துவிடுங்கள் என்று சொன்னார். கோயில் சமுதாயக்கூடத்தைத் திறந்து கன்றுகளை உள்ளே விட்டதும், அதற்குப் பின்னால் நடந்த சண்டையும் தனிக்கதை. விடிந்தபோது தென்னந்தோப்புகள் போன கோலத்தை யாரும் எழுத வேண்டியதில்லை, இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறோம். ஏரிக்குள் நின்ற நாட்டுக் கருவேல மரங்களும் விழுந்தன. அடுத்த பருவத்தில் கொக்கும் நாரையும் வந்து, வானத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஏரி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

நாம் எல்லோரும் தென்னங்கன்றுக்கும் நிவாரணத்துக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, எழுபது வயதில் அவர் கருவேலம், நீர்மருது, நீர்க்கடம்பு என்று கன்று தேடி அலைந்தார். ஏரியின் மேட்டுப் பகுதியில் மண் குவித்து நட்டார். ஆடு மேயாமல் முள் கட்டினார். புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வராத மாதங்களில் குடம் சுமந்தார். ஓய்வூதியத்தில் பாதி அதற்குப் போனது என்று அவர் மகள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். மரங்கள் தலைதூக்கிய பிறகு முதலில் உண்ணிக்கொக்கு வந்தது. பிறகு நீர்க்காகம். பிறகு நத்தைகுத்தி நாரை. வயல் நத்தையையும் பூச்சியையும் தின்றுவிட்டு, ஏரித் தண்ணீரில் எச்சமிடுகின்றன. அந்தத் தண்ணீர்தான் நம் சம்பாவுக்குப் பாய்கிறது. உரக்கடைக்காரருக்குத் தவிர யாருக்கும் நட்டமில்லை.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு கூடு கட்டும் பறவைகள் இவை. மழை முடியும்போது முட்டை. பொங்கலையொட்டி இறகு முளைக்காத குஞ்சு. நம் திருநாள் சரியாக அந்த நேரத்தில் வருகிறது. இருட்டில் தலைக்கு மேல் வாணம் வெடித்தால் தாய்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. இரவில் திரும்பி வந்து தன் கூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றுகின்றன. அடைகாத்த முட்டை குளிர்ந்துபோகிறது. விளிம்புக்கு வந்த குஞ்சு தண்ணீரில் விழுகிறது. விடிந்ததும் காக்கையும் பருந்தும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

சென்ற திருநாளன்று சப்பரத்தின் பின்னால் அவர் வரவில்லை என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். பேரவையில் ஒருவர் அதைக் குறையாகவே சொன்னார். அவர் இருந்த இடம் எனக்குத் தெரியும், டார்ச் பிடிக்க என்னை அழைத்துப் போயிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையில் மீன்கூடை. விழுந்த குஞ்சுகளை எடுத்துக் கூடைக்குள் வைக்கோல் மேல் விட்டார். நாரைக் குஞ்சு பயத்தில், விழுங்கியிருந்த நத்தைச் சதையை அவர் கைமேல் கக்கியது. துடைக்கவில்லை. உயிரோடிருந்தவற்றை விடிகாலையில் ஏணி போட்டுக் கிளைகளில் வைத்தார். எந்தக் குஞ்சு எந்தக் கூட்டுக்கு என்று அவருக்கும் தெரியாது. எட்டிய கூட்டில் வைத்தார். செத்தவற்றை மருதடியில் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, காலைத் திருப்பலிக்கு மணியடிக்கப் போனார். அன்று நீங்கள் எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் நின்றபோது அவர் வேட்டி நனைந்திருந்தது.

அந்த வேடிக்கையைத்தான் இப்போது இரண்டு மடங்காக்கி அவருக்கே காணிக்கையாக வைக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும். வேட்டு இல்லாமல் திருவிழாவா என்பது முதலாவது. நம் பாதுகாவலர் யார்? எகிப்துப் பாலைவனத்தில் தனித்திருந்து கி.பி. 356-ல் இறந்த துறவி. சத்தம் வேண்டாம் என்றுதான் ஊரைவிட்டே போனார். அவருடைய தோட்டத்தைக் காட்டு மிருகங்கள் அழித்தபோது, ஒன்றை மெல்லப் பிடித்து, உங்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே, எனக்கு ஏன் தீங்கு செய்கிறீர்கள் என்று கேட்டார் என அவர் வரலாற்றில் ஆயர் அத்தனாசியார் எழுதியிருக்கிறார். இன்று அந்தக் கேள்வியைப் பறவைகள் நம்மிடம் கேட்க வேண்டிய முறை. ஜனவரி 17 அன்று காலையில் மாடுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறோம். இரவில் இது. காலையில் மந்திரிக்கும் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. மறுபடி தொடங்கவைத்தவரும் புலிக்காரர்தான் என்பதைப் பேரவையின் மூத்தவர்கள் மறுக்க மாட்டீர்கள்.

ஊர்க்கட்டுப்பாடாக இதை எங்காவது செய்திருக்கிறார்களா என்பது இரண்டாவது. செய்திருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள ஊர்தான் அதுவும். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-லேயே எழுத்துமூலம் பாதுகாப்பு வாங்கியது வனத்துறை அல்ல, குடியானவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீரின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிருகக்காட்சிசாலையில் சத்தம் போட்டு மிருகத்தைத் தொந்தரவு செய்வதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அண்ணன் வேலைக்காலத்தில் காணும் பொங்கல் கூட்டத்திடம் தொண்டை வறள அதைச் சொன்னவர். கூண்டுக்கு வெளியே உள்ள பறவையையும் சட்டம் கைவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை அது வேட்டையின் கணக்கில் சேர்க்கிறது. நம் கோயில் திருவிழாவுக்கு வனத்துறை அலுவலர் வந்து நிற்கும் நிலை வர வேண்டாம் என்றுதான் அவர் புகார் எழுதாமல் உங்களிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் முதலில் உங்களிடமே கேட்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை: ஏரிக்கரையில் வாணமும் வேட்டும் கூடாது, கொடியேற்றத்துக்கும் கூடாது என்று பேரவை தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, திருப்பலியில் வாசிக்க வேண்டும். பேண்டு வரட்டும். சப்பரம் மின்விளக்கோடு ஏரிக்கரையைச் சுற்றிப் போகட்டும். ஒலிபெருக்கியை மட்டும் கரையோரம் அணைத்துவிடுங்கள். அந்த இடத்தில் பாட்டை நாமே பாடிக்கொண்டு போகலாம். அவர் நட்ட கன்றுகளில் இன்னும் முள்வேலி தேவைப்படுபவை இருக்கின்றன. கோடையில் தண்ணீர் ஊற்ற இளைஞர் குழு முறைவைத்துக்கொண்டால், வளைவில் அவர் பெயரை எழுதும் உரிமை உங்களுக்கு வரும்.

சிவகாசிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, திரும்ப வராது என்று பொருளாளர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அந்த நட்டத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நான் கட்டுகிறேன். தொகையைச் சொல்லி அனுப்புங்கள், மறக்காமல் ரசீது போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கீழத்தெரு